முகம் காட்டாத நோவைக் கணினி கண்டுபிடிக்குமா?



மாதர் சங்கக் கூட்டமொன்று முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது வயதான அம்மா ஒருவர் என்னிடம் கேட்டார்: "பிள்ளை, முகத்தைப் பார்த்தே நோவைச் சொல்லுற கொம்பியூட்டர் வந்திருக்குதாம். மெய்யே?" பக்கத்தில் இருந்த இன்னொருவர், "அப்பிடியெண்டா நல்லதுதானே அக்கா. நாங்கள் வாயால சொன்னா ஆர் நம்பினம்?" என்றார்.

முதற் கேள்விக்கு விடை சொல்வது இலகு. அப்படிப்பட்ட கணினிகள் உண்டு. இரண்டாவது பேச்சுத்தான் யோசிக்க வைக்கிறது. வாய்ச்சொல்லை நம்பாத உலகம் இயந்திரத்தை நம்புமா? நம்பினால் அது எங்களுக்கு நன்மையா, தீமையா? இம்மாதம் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

முகத்தைப் பார்த்து ஆளை எடைபோடுவது எங்கள் ஊர்களில் பழைய வழக்கம். செத்தவீட்டில் அழாமல் இருந்தவளைக் 'கல்நெஞ்சுக்காரி' என்பார்கள். நாரி நோகிறது என்று அமைதியாகச் சொல்பவளுக்கு இரண்டு குளிசையோடு அலுவல் முடிந்துவிடும். அதே நோவை அழுது சொல்பவளை 'நடிக்கிறாள்' என்பார்கள். ஆக, காட்டினாலும் குற்றம், காட்டாவிட்டாலும் குற்றம். இதற்குள் இயந்திரமும் வந்து முகத்தைப் பார்க்கப்போகிறதென்றால், அது எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்காது என்பதை நாங்கள் அறிந்திருக்க வேண்டும்.

முகத்தை அளக்கத் தொடங்கிய கதை

1862ஆம் ஆண்டில் டூஷேன் என்ற பிரெஞ்சு வைத்தியர், முகத் தசைகளுக்கு மெல்லிய மின்சாரம் கொடுத்து, எந்தத் தசை சுருங்கினால் முகம் எப்படி மாறுகிறது என்பதைப் புகைப்படங்களோடு நூலாக வெளியிட்டார். உதட்டோரம் மட்டும் உயர்ந்தால் அது மரியாதைக்குச் சிரிக்கும் சிரிப்பு, கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சேர்ந்து சுருங்கினால்தான் உள்ளத்துச் சிரிப்பு என்று அவர் எழுதினார்.

அதற்கு நூறு வருடங்களுக்குப் பின்னர், 1969இல் சுவீடனைச் சேர்ந்த உடற்கூற்றியலாளர் யோர்ட்ஷோ முக அசைவுகளை வகைப்படுத்தினார். அதை அடிப்படையாகக் கொண்டு 1978இல் அமெரிக்க உளவியலாளர்கள் போல் எக்மனும் வாலஸ் பிறீசனும் ஒரு பட்டியலை வெளியிட்டார்கள். முகத்தில் ஏற்படக்கூடிய ஒவ்வோர் அசைவுக்கும் ஓர் இலக்கம் கொடுத்தார்கள். புருவத்தின் உட்பக்கம் உயர்வது 1, புருவம் இறங்கிச் சுளிப்பது 4, கன்னம் உயர்வது 6, உதட்டோரம் மேலிழுபடுவது 12, கண் மூடுவது 43 என்று இது போகிறது. கவனியுங்கள், அவர்கள் 'கவலை', 'கோபம்' என்று இலக்கம் போடவில்லை. அசைவுக்குத்தான் இலக்கம் போட்டார்கள். இந்த வித்தியாசம் முக்கியமானது. பின்னால் இதற்குத் திரும்புவோம்.

இந்த முறையில் ஒரு நிமிட வீடியோவைக் கண்ணால் பார்த்துக் குறித்து முடிக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் செல்லும். அதனால்தான் 1990களில் இந்த வேலையைக் கணினியிடம் கொடுக்க முயன்றார்கள். அமெரிக்காவில் சன் டியாகோவில் ஒரு குழுவும், பிட்ஸ்பேர்க்கில் ஜெப்றி கோன், தக்கேயோ கனாடே ஆகியோரின் குழுவும் இதில் முன்னோடிகள்.

கணினி செய்வது இதுதான். கமரா எடுத்த படத்தில் முதலில் முகம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும். பிறகு புருவம், கண், மூக்கு, உதடு, தாடை ஆகியவற்றின் ஓரமாகப் புள்ளிகளை வைக்கும். 68 புள்ளிகள் வைப்பது பரவலாக உள்ள ஒரு முறை. வீடியோவில் ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்கு இந்தப் புள்ளிகள் எவ்வளவு நகர்ந்தன என்று கணக்குப் பார்த்து, எந்த அசைவு, எவ்வளவு பலமாக வந்தது என்று சொல்லும். ஆயிரக்கணக்கான முகப் படங்களைக் காட்டித்தான் இதற்குப் 'பாடம்' சொல்லிக் கொடுக்கிறார்கள். எந்த முகங்களைக் காட்டினார்களோ, அந்த முகங்களைத்தான் அது நன்றாக அறியும்.

முகவாதத்தில் கிடைக்கும் உதவி

இந்தக் கணினிகள் உண்மையாகவே பயன்படும் இடங்களில் ஒன்று முகவாதம். முகத்தின் ஒரு பக்கத்து நரம்பு செயலிழந்து வாய் கோணி, கண் மூட முடியாமல் போவதைத்தான் சொல்கிறேன். திடீரென வருவதும் உண்டு, காயத்தாலோ சத்திரசிகிச்சையாலோ நரம்பு சேதமடைந்து வருவதும் உண்டு.

இதன் கடுமையை அளக்க வைத்தியர்கள் 1985 முதல் ஆறு படிகள் கொண்ட ஓர் அளவீட்டைப் பயன்படுத்தி வருகிறார்கள். முதலாம் படி என்றால் சுகமான முகம், ஆறாம் படி என்றால் அசைவே இல்லை. ஆனால் கண்ணால் பார்த்துச் சொல்வதால், ஒரு வைத்தியர் மூன்று என்பதை இன்னொருவர் நான்கு என்பார். மூன்று மாதம் பயிற்சி செய்த ஒருத்திக்குத் தன் வாய் கொஞ்சமாவது நிமிர்ந்ததா என்று அறிய வழி இருக்காது.

2018இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் உள்ள கண், காது வைத்தியசாலை ஒன்றின் ஆய்வாளர்கள் இதற்காக ஒரு கணினி நிரலை வெளியிட்டார்கள். புகைப்படத்தில் புள்ளிகளை வைத்து, உதட்டோரம் எவ்வளவு உயர்கிறது, கண் எவ்வளவு திறக்கிறது என்பதையெல்லாம் இரண்டு பக்கமும் மில்லிமீற்றரில் அது அளக்கிறது. படத்தில் அளவுகோல் ஏது என்று கேட்பீர்கள். கண்ணின் கறுப்பு வட்டத்தின் குறுக்களவு வளர்ந்தவர்களில் ஏறத்தாழ ஒரேயளவு. 12 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. அதையே அடிமட்டமாக வைத்துக்கொள்கிறார்கள். 'போன மாதத்தைவிட இரண்டு மில்லிமீற்றர் கூட' என்று ஒருத்திக்குச் சொல்ல முடிந்தால், அவளுக்குப் பயிற்சியைத் தொடர மனம் வரும். இயந்திரம் செய்யக்கூடிய நல்ல வேலை இது. ஏனென்றால் இங்கே கேள்வியே அசைவைப் பற்றியது.

இந்த இடத்தில் ஒரு விடயத்தைச் சொல்லாமல் போகக்கூடாது. யாருக்காவது முகம் திடீரென ஒரு பக்கம் இழுத்துப்போட்டால் வீட்டில் எண்ணெய் தடவிக்கொண்டு இருக்கவேண்டாம். அது பாரிசவாதமாகவும் இருக்கலாம். கை, கால் சோர்வு, பேச்சுக் குழறல் இருந்தால் ஒரு நிமிடமும் தாமதியாமல் 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள். பாரிசவாதமா, வெறும் முகவாதமா என்பதை வைத்தியர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். முகவாதம் என்றால் அதற்குரிய மருந்தை முதல் 72 மணித்தியாலத்துக்குள் தொடங்குவது நல்லது. பெரும்பாலானோருக்கு முகம் மீண்டும் சரியாகிவிடும். மூடாத கண் காய்ந்து புண்ணாகும். அதைப் பாதுகாக்கும் முறையைக் கட்டாயம் கேட்டு அறியுங்கள். கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும் பிள்ளை பெற்ற முதல் வாரங்களிலும் இது வரக்கூடிய வாய்ப்புக் கொஞ்சம் அதிகம் என்பதால் இளந்தாய்மார் இதை நினைவில் வைத்திருங்கள்.

நோவை அளக்கலாமா?

இனி அந்த அம்மா கேட்ட கேள்விக்கு வருவோம்.

நோவு வரும்போது முகத்தில் சில அசைவுகள் வருகின்றன என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். புருவம் இறங்கும், கண்ணைச் சுற்றி இறுகும், மூக்குச் சுருங்கும் அல்லது மேலுதடு உயரும், கண் மூடும். கனடாவைச் சேர்ந்த பிரகாச்சின், சொலமன் ஆகிய இருவரும் 2008இல் இவற்றைக் கூட்டி 0 முதல் 16 வரை புள்ளி போடும் முறையொன்றை வெளியிட்டார்கள். தோள்மூட்டு நோவுள்ளவர்களைக் கை அசைக்கச் செய்து எடுத்த வீடியோக்களே இதற்கு அடிப்படை.

அவற்றில் ஒரு பகுதியை 2011இல் மற்ற ஆய்வாளர்களும் பயன்படுத்தக் கொடுத்தார்கள். 25 பேர், 200 வீடியோக்கள், அவற்றில் 48,398 தனிப் படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் புள்ளி போட்டார்கள். ஐந்தில் நான்குக்கு மேற்பட்ட படங்களுக்குக் கிடைத்த புள்ளி பூச்சியம். நோவில்லாத கையை அசைத்த நேரமும் இதில் அடங்கும் என்பது உண்மைதான். என்றாலும் வைத்தியம் தேடி வந்த நோயாளிகளின் முகங்கள், அதுவும் நோவைப் படம்பிடிப்பதற்கென்றே எடுத்த வீடியோவில், பெரும்பாலான நேரம் நோவின் அடையாளம் எதையும் காட்டவில்லை. நோவு முகத்தில் வந்து போவது சில கணங்களுக்குத்தான். ஐந்து நிமிட கிளினிக்கில் அந்தக் கணம் வராமலே போகலாம்.

2014இல் இன்னொரு ஆய்வு பேசப்பட்டது. சுகதேகிகளின் கையைக் குளிர்ந்த ஐஸ் தண்ணீரில் வைக்கச் செய்து உண்மையான நோவு முகத்தைப் படமெடுத்தார்கள். பிறகு இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்து நோவதுபோல் நடிக்கச் சொன்னார்கள். எது உண்மை, எது நடிப்பு என்று கண்டுபிடிக்கச் சொன்னபோது, மனிதர்கள் சரியாகச் சொன்னது 100க்கு 52 அளவில்தான். காசைச் சுண்டி 'பூவா தலையா' போட்டாலும் அவ்வளவு வரும். பயிற்சி கொடுத்த பின்பும் 55தான். கணினி 85 வீதம் சரியாகச் சொன்னது. நடிப்பவர்கள் வாயை ஒரே சீராகத் திறந்து மூடுவார்களாம், உண்மையான நோவில் அந்தச் சீர் இருக்காதாம்.

இதைக் கேட்டதும் 'பார்த்தீர்களா, பொய்யைப் பிடிக்கும் இயந்திரம்' என்று சிலர் சொல்லக்கூடும். அப்படியல்ல. ஒரு நிமிட ஐஸ் தண்ணீர் நோவும், பத்து வருடமாக உடம்புக்குள் இருக்கும் செல் துண்டின் நோவும் ஒன்றல்ல. நாட்பட்ட நோவோடு வாழ்பவள் முகத்தைச் சுளித்துக்கொண்டே சோறு காய்ச்சவும் பிள்ளையைப் பள்ளிக்கு விடவும் முடியாது. அவள் முகம் நோவுக்குப் பழகிப்போயிருக்கும். இந்த ஆய்விலிருந்து நாங்கள் எடுக்க வேண்டியது வேறொன்று. பிறர் முகத்தைப் பார்த்து 'இவளுக்கு உண்மையில் நோகவில்லை' என்று தீர்ப்புச் சொல்லும் திறமை மனிதர் எவருக்கும் பெரிதாக இல்லை. கல்நெஞ்சுக்காரி, நடிப்புக்காரி என்ற பேச்சுகள் எல்லாம் காசு சுண்டிச் சொன்ன தீர்ப்புகள்தான்.

பேச முடியாதவர்களுக்கு

அப்படியானால் நோவை அளக்கும் கணினி யாருக்கு வேண்டும்? பேச முடியாதவர்களுக்கு. மறதிநோய் முற்றிய முதியவர்கள் தங்கள் நோவைச் சொல்லத் தெரியாமல் தவிப்பார்கள். மற்றவர்கள் அதைக் 'குழப்படி' என்று நினைத்துவிடுவார்கள். அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலுள்ள கேர்ட்டின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இவர்களுக்காக 'பெயின்செக்' என்ற கைத்தொலைபேசிச் செயலியை உருவாக்கினார்கள். 2017இல் அந்நாட்டில் மருத்துவச் சாதனமாகப் பதிவு பெற்றது. மூன்று செக்கன் முகத்தைப் படம்பிடித்து, நோவோடு தொடர்பான ஒன்பது அசைவுகள் இருக்கின்றனவா என்று பார்க்கும்.

ஆனால் அதில் மொத்தம் 42 கேள்விகள் உள்ளன. முகத்தைப் பற்றியவை 9 மட்டுமே. மிகுதி 33ஐயும் பராமரிப்பவர்தான் பார்த்துப் பதிய வேண்டும். முனகுகிறாரா, தொட விடுகிறாரா, நடையில் மாற்றமா, சாப்பாடு, நித்திரை எப்படி, உடம்பில் காயமுண்டா என்பன போன்றவை அவை. இயந்திரத்தைச் செய்தவர்களே முகத்தை மட்டும் நம்பவில்லை.

மனதின் காயம்

மனநோவைப் பற்றியும் இப்படியான ஆய்வுகள் உண்டு. அமெரிக்காவில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில், படையிலிருந்து திரும்பியவர்களின் மனக்காயத்தை அறிவதற்காக, திரையில் தோன்றி உரையாடும் 'எல்லி' என்ற கணினிப் பெண்ணை உருவாக்கினார்கள். அவள் கேள்வி கேட்க, கமரா முகத்தைக் கவனிக்கும். அந்த ஆய்வுகளில் 2013இல் ஒரு விடயம் தெரியவந்தது. மனச்சோர்வுள்ள ஆண்களில் புருவம் சுளிப்பது கூடியிருந்தது. மனச்சோர்வுள்ள பெண்களில் அது குறைந்திருந்தது. ஆணின் முகத்தை அளவுகோலாக வைத்துப் பார்த்தால் சோர்ந்துபோன பெண் 'நலமாக இருக்கிறாள்' என்று ஆகிவிடும்.

2019இல் லீசா பாரெட் உட்பட ஐந்து விஞ்ஞானிகள் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆய்வுகளைப் படித்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். முகத்தின் அசைவை மட்டும் வைத்து ஒருவரின் உள்ளுணர்வைச் சொல்லிவிட முடியாது என்பதே அது. ஒரே கவலை ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் வேறு வேறாகத் தெரியும். 2022இல் மைக்ரோசொப்ட் நிறுவனம், முகத்தைப் பார்த்து உணர்ச்சியைச் சொல்லும் சேவையைப் பொதுப் பாவனையிலிருந்து விலக்கிக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம், வேலைத்தளங்களிலும் கல்விக்கூடங்களிலும் உணர்ச்சியை ஊகிக்கும் கணினிகளை 2025 பெப்ரவரி முதல் தடைசெய்தது. மருத்துவ, பாதுகாப்புத் தேவைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

முன்பு சொன்ன வித்தியாசம் இதுதான். கணினி அளப்பது அசைவை. அசைவுக்குப் பின்னால் இருப்பதை அது ஊகிக்கிறது, அவ்வளவே.

எங்களில் பலருக்கு இது புத்தகத்தில் படித்து அறியவேண்டிய விடயமல்ல. சோதனைச் சாவடியில் நின்றபோதும், 2009இல் முகாமில் வரிசையில் நின்றபோதும், பயத்தை முகத்தில் காட்டுவது ஆபத்தாக இருந்தது. பிள்ளைகள் பயந்துவிடக்கூடாது என்று முகத்தைச் சாதாரணமாக வைத்திருந்த தாய்மார் எத்தனை பேர்! அசையாத முகம் அன்று பலரைக் காப்பாற்றியது. அப்படிப் பழகிய முகத்தை வைத்து இன்று 'இவளுக்கு ஒன்றுமில்லை' என்று சொல்வது அநியாயம். அதை மனிதர் சொன்னாலும், இயந்திரம் சொன்னாலும் அநியாயம்தான்.

யாருடைய முகம் கற்பிக்கப்பட்டது?

இன்னொரு சிக்கலும் உண்டு. 2018இல் ஜோய் புவோலம்வினி, திம்னித் கெப்ரு என்ற இரு பெண் ஆய்வாளர்கள், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் கணினி நிரல்களைச் சோதித்தார்கள். வெள்ளை நிற ஆண்களில் பிழை அதிகபட்சம் 0.8 வீதம். கருநிறப் பெண்களில் 34.7 வீதம் வரை போனது. இது அசைவை அளக்கும் நிரல்களைப் பற்றிய சோதனை அல்ல. ஆனால் பாடம் ஒன்றுதான், காட்டாத முகத்தைக் கணினி கற்காது. ரொறன்ரோவில் 2019இல் செய்த ஆய்வில் மறதிநோயுள்ள முதியவர்களின் முகங்களிலும், பொஸ்டனில் 2020இல் செய்த ஆய்வில் முகவாதமுள்ளவர்களின் முகங்களிலும், சுகதேகிகளின் முகங்களைவிடக் கணினி புள்ளி வைப்பதில் கூடுதலாகப் பிழைவிட்டது. யாருக்கு அந்த உதவி அதிகம் தேவையோ, அவர்களிடம்தான் அது அதிகம் தடுமாறுகிறது. எரிகாயத் தழும்பும் செல் காயமும் உள்ள முகங்களை அதற்கு யார் காட்டியிருப்பார்கள்?

நாங்கள் செய்யக்கூடியவை

நோவைச் சொல்லப் பழகுங்கள். 'நோகுது' என்ற ஒரு சொல் போதாது. எங்கே நோகிறது, எப்போதிருந்து, இரவில் நித்திரையைக் கெடுக்கிறதா, தண்ணீர்க் குடம் தூக்க முடிகிறதா, கிணற்றடியில் குனிய முடிகிறதா என்று சொல்லுங்கள். பூச்சியம் முதல் பத்துவரை எவ்வளவு என்று இலக்கத்தில் சொல்லுங்கள். இவற்றை முதல்நாளே ஒரு துண்டில் எழுதி கிளினிக் கொப்பிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். முகம் சிரித்தபடி இருந்தால், "டொக்டர், நான் இப்பிடித்தான் இருப்பன், ஆனா நோவு எட்டு" என்று வெளிப்படையாகவே சொல்லலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சிகிச்சைக்காகவோ ஆய்வுக்காகவோ உங்கள் முகத்தைப் படமெடுக்க யாராவது கேட்டால் கேள்வி கேளுங்கள். எதற்காக எடுக்கிறீர்கள்? யார் பார்ப்பார்கள்? எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள்? நான் மறுத்தால் சிகிச்சை தொடருமா? பாராளுமன்றம் 2022இல் நிறைவேற்றிய தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலம் பற்றிய தரவுகளைச் சிறப்பாகப் பாதுகாக்க வேண்டிய வகையில் சேர்த்திருக்கிறது. அதைவிட, உங்கள் முகம் உங்களுடையது. விளங்காமல் ஒப்பமிட வேண்டியதில்லை.

என்னைப் போல் களத்தில் வேலை செய்வோருக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டுக்கு வீடு போகும்போது படிவத்தில் 'சாதாரணமாகக் காணப்பட்டார்' என்று எழுதும் வழக்கம் எங்களிடம் உண்டு. அந்த வரியை எழுத முன்னர் அவரிடம் கேட்டோமா என்று பார்ப்போம். கேட்ட பின் அவர் தன் வாயால் சொன்னதையே எழுதுவோம்.

கணினி வரட்டும். கோணிய வாய் நிமிர்வதை அளக்கட்டும், பேச முடியாத முதியவருக்குக் கைகொடுக்கட்டும். ஆனால் பேசக்கூடிய பெண்ணின் நோவுக்கு முதற் சாட்சி அவளுடைய சொல்தான். அதைக் கேட்க வைத்தியருக்கும் அயலவருக்கும் எங்களுக்கும் காது இருக்கிறது. இந்த மாதம் உங்கள் பக்கத்து வீட்டில் 'ஒண்டுமில்லை' என்று சொல்லிக்கொண்டு திரியும் ஒரு பெண்ணிடம் போய் இருந்து, "மெய்யாவே எங்க நோகுது?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.